வெட்டினால் மட்டும் போதாது
வெளியிலிருந்து வந்து காட்டை ஆக்கிரமிக்கும் அந்நியச் செடிகளைக் கணக்கெடுத்து வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்கிறது, அவற்றை ஒழிப்பது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. வயநாட்டை ஒட்டிய எங்கள் பந்தலூர் பக்கம் அது பலிக்காது. மஞ்சள் கொன்னை என்ற அந்நிய மரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். மழையில் மண் இளகியிருக்கும்போது கன்றுகளை வேரோடு பிடுங்குவதுதான் சரி. உண்ணிச்செடியையும் (லண்டானா) மண்ணுக்குக் கீழே வேர்க்கழுத்தில் வெட்டி, தலைகீழாகப் போட வேண்டும். மைக்கானியா கொடிதான் பெரிய தலைவலி. கணுவுள்ள சின்னத் துண்டு ஈரமண்ணில் கிடந்தாலே வேர் பிடித்துவிடும். தேயிலையிலிருந்து பிடுங்கியதைச் சிலர் ஓடையில் வீசுகிறார்கள், அப்புறம் கீழ்த்தோட்டக்காரர் பாடு! கணக்கெடுப்பைப் பூக்கும் காலத்தில் வையுங்கள். மஞ்சள் கொன்னை தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் நம் சரக்கொன்றையை வெட்டிவிடாதீர்கள். சரக்கொன்றையின் பூச்சரம் தொங்கும், மஞ்சள் கொன்னையின் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும்.