டென்ஷின் நசுகாவா கிக்பாக்ஸிங்குக்குத் திரும்ப வேண்டியதில்லை

2025 நவம்பர் 24 அன்று டோக்கியோவில் டபிள்யூ.பி.சி. என்ற உலகக் குத்துச்சண்டை அமைப்பின் பாண்டம்வெயிட் எடைப் பிரிவுப் பட்டத்துக்காக நடந்த குத்துச்சண்டைப் போட்டியில், குத்தும் உதையும் கலந்த கிக்பாக்ஸிங்கிலிருந்து வந்த ஜப்பானிய வீரர் டென்ஷின் நசுகாவா 12 சுற்றுகளின் முடிவில் தகுமா இனோவேயிடம் புள்ளிக்கணக்கில் தோற்றார். தொழில்முறைப் போட்டிகளில் அவருடைய கணக்கில் ஏறிய முதல் தோல்வி அதுதான். அன்றிரவே தற்காப்புக் கலை ஆர்வலர்களின் பதிவுகளில் இரண்டு வாதங்கள் எழுந்தன. அவருடைய பழைய வெற்றிகள் எல்லாம் ஊதிப் பெரிதாக்கப்பட்டவை என்றார்கள் சிலர். அவருக்கு உரிய இடம் கிக்பாக்ஸிங்தான், அங்கேயே திரும்பிவிட வேண்டும் என்றார்கள் பலர். முதல் வாதம் தவறானது. இரண்டாவது வாதம் அன்பினால் சொல்லப்படுவது என்றாலும் அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய போட்டிகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருபவன் என்ற முறையில், அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

டென்ஷின் 1998 ஆகஸ்ட் 18 அன்று சிபா மாநிலத்தின் மட்சுடோ நகரில் பிறந்தவர். ஐந்து வயதில் கியோகுஷின் கராத்தே பயிலத் தொடங்கி, பள்ளிப் பருவத்திலேயே சிறுவர்களுக்கான உலகப் போட்டியில் வென்றார். தந்தைதான் பயிற்சியாளர். கியோகுஷின் முறையில் முகத்தைக் கையால் குத்தக்கூடாது, ஆனால் தலையைக் காலால் உதைக்கலாம். நெருங்கி நின்று நெஞ்சிலும் வயிற்றிலும் குத்துவது, எதிராளி எதிர்பாராத கோணத்திலிருந்து உதையை எழுப்புவது, உடலை முழுவதுமாகச் சுழற்றிக் குதிகாலைக் கொண்டுவருவது ஆகியவை அந்த முறையில் வளரும் பிள்ளைகளின் உடலில் ஊறிவிடும். கிக்பாக்ஸிங்குக்கு வந்த டென்ஷின் முகத்துக்குக் குத்துவதைப் புதிதாகக் கற்றுக்கொண்டார், ஆனால் ஊறியிருந்த எதையும் விட்டுவிடவில்லை. கராத்தேயில் 'மா-ஆய்' என்று ஒரு சொல் உண்டு. இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தையும், அதைக் கடந்து செல்வதற்கான நேரத்தையும் சேர்த்துக் குறிக்கும் சொல் அது. எதிராளியின் குத்து மூக்கு நுனிக்கு ஒரு விரற்கடைக்கு முன்னால் முடிந்துபோகும்படி நின்று, அந்தக் கை பின்வாங்குவதற்குள் தன் இடதுகை நேர்க்குத்தை உள்ளே செலுத்திவிடுவார் டென்ஷின். அந்தச் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தக் கராத்தே வகுப்பிலும் கண்டதில்லை.

2014 ஜூலையில், பதினாறு வயது நிறைவதற்கு முன்பே, ரைஸ் என்ற ஜப்பானியக் கிக்பாக்ஸிங் அமைப்பின் மேடையில் தொழில்முறை வீரராக அறிமுகமாகி முதல் சுற்றிலேயே வென்றார். அடுத்த ஆண்டே அந்த அமைப்பின் பாண்டம்வெயிட் பட்டம் கிடைத்தது. 2016 டிசம்பரில் தாய்லாந்தின் வஞ்சலோங்கைச் சுழன்று உதைத்த ஒரே பின்னுதையில் முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். தாய்லாந்தின் சண்டைக் கலையான முவே தாய் வீரரைக் கராத்தேயின் உதையால் சாய்த்த அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் வெளிநாட்டு ரசிகர்கள் பலர் அவருடைய பெயரைத் தேடத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் கிக்பாக்ஸிங்கின் பிறப்பை நினைவுபடுத்த வேண்டும், ஏனென்றால் அதை அறியாமல் டென்ஷினின் முடிவுகளைப் புரிந்துகொள்ள முடியாது. கிக்பாக்ஸிங் என்ற பெயரும் விளையாட்டும் 1960களில் ஜப்பானில் உருவானவை. ஒசாமு நொகுச்சி என்ற ஏற்பாட்டாளர் கராத்தே வீரர்களைத் தாய்லாந்து வீரர்களோடு மோதவிட்டதன் விளைவாகவே அது வளர்ந்தது. அதன் முதல் பெரும் நட்சத்திரம் தடாஷி சவாமுரா, பல்கலைக்கழகக் கராத்தேயிலிருந்து வந்தவர். 1966இல் ஒரு தாய்லாந்து வீரரிடம் அவர் 16 முறை தரையில் விழுந்து தோற்றார். கராத்தேயில் அவர் கற்ற எதுவும் அந்த இரவில் கைகொடுக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. தன்னை வீழ்த்திய கலையையே கற்றுக்கொண்டு திரும்பி வந்து, 1970களில் ஜப்பானியக் குடும்பங்கள் மாலை நேரத் தொலைக்காட்சியில் காத்திருந்து பார்க்கும் வீரரானார். பிறகு 1993இல் கே-1 என்ற பெரும் போட்டித் தொடரைத் தொடங்கிய கசுயோஷி இஷியும் கராத்தே ஆசிரியர்தான். கராத்தேகாரர்கள் தங்களுக்குப் பழக்கமில்லாத விதியின் கீழ் சென்று அடிவாங்கி, கற்றுக்கொண்டு எழுந்ததால் உண்டான விளையாட்டு இது.

சண்டை விளையாட்டில் எந்த விதியின் கீழ் மோதுகிறோம் என்பது பாதி முடிவைத் தீர்மானித்துவிடும். டென்ஷினின் ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள், நான் தயங்க விரும்பவில்லை. 2018 ஜூன் 17 அன்று மகுஹாரியில் தாய்லாந்தின் முவே தாய் வீரர் ரோட்டாங்குக்கு எதிராக நடந்த போட்டியை எடுத்துக்கொள்வோம். ஐந்து சுற்றுகள் முடிந்தும் தீர்ப்புக் கிடைக்காமல் கூடுதல் சுற்றில்தான் டென்ஷின் வென்றார். முழங்கைத் தாக்குக்கு அனுமதி இல்லை, பிடித்து நின்று முழங்காலால் தாக்குவதற்கும் கட்டுப்பாடு இருந்தது. அந்த இரண்டு ஆயுதங்களையும் வெளியே வைத்துவிட்டு வந்த ரோட்டாங், ஓயாமல் முன்னேறிக்கொண்டே இருந்தார். ரோட்டாங்தான் வென்றிருக்க வேண்டும் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். மூன்று முறை பார்த்த பிறகும் அதை அறிவீனமான கருத்து என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் முழங்கைக்கு அனுமதி இருந்த விதியின் கீழேயே இன்னொரு தாய்லாந்து வீரரான சுவாகிமை ஐந்து சுற்றுகளில் டென்ஷின் வென்றிருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். செப்டம்பரில் ரைசின் என்ற ஜப்பானியச் சண்டை அமைப்பின் மேடையில் அவரை எதிர்கொண்ட கியோஜி ஹொரிகுச்சி, சிறுவயதிலேயே கராத்தே பயின்று, அடியும் மல்யுத்தமும் சேர்ந்த கலப்புச் சண்டைக்குச் சென்றவர். தனக்கு உரிய மல்யுத்தத்தை விட்டுவிட்டு கிக்பாக்ஸிங் விதிக்கு உட்பட்டு வந்து, மூன்று சுற்றுகளும் தாக்குப்பிடித்துத் தோற்றார். அந்த இரவில் ஹொரிகுச்சியின் துணிவும் டென்ஷினின் திறமைக்குச் சற்றும் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவேளை டென்ஷினும் அதைக் கவனித்திருக்கக்கூடும்.

அடுத்த மூன்று மாதங்களில் நிலைமை தலைகீழானது. 2018 டிசம்பர் 31 அன்று சைதாமாவில் அவர் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் மேவெதரை எதிர்கொண்டார். உதைக்க அனுமதி இல்லை, குத்துச்சண்டை மட்டுமே. உதைத்தால் 50 லட்சம் டாலர் அபராதம் என்று அறிவித்திருந்தார்கள். மேவெதர் 50 தொழில்முறைப் போட்டிகளில் ஒன்றிலும் தோற்காதவர். டென்ஷின் வழக்கமாக 55 முதல் 58 கிலோ வரையிலான எடையில் மோதுபவர், 20 வயது இளைஞர், ஒரே ஒரு தொழில்முறைக் குத்துச்சண்டையில்கூட இறங்கியிராதவர். இந்த மோதலுக்கான எடை வரம்போ 66 கிலோவுக்கும் மேல். மேவெதர் சிரித்துக்கொண்டே வந்தார். முதல் சுற்றிலேயே டென்ஷின் மூன்று முறை விழுந்தார். அவருடைய மூலையிலிருந்து துண்டு வீசப்பட்டபோது இரண்டரை நிமிடங்கள்கூட ஆகியிருக்கவில்லை. அவர் வளையத்தின் நடுவில் நின்று அழுதார்.

அந்தக் காட்சியை இணையத்தில் கேலிக்குரிய படமாக்கிப் பரப்பியவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. அதைவிட அதிகக் கோபம், அந்தப் போட்டியை ஏற்பாடு செய்தவர்கள் மீது. வெற்றி தோல்விக் கணக்கில் சேராத காட்சிப் போட்டி என்று பெயர் சூட்டிவிட்டால் குத்தின் எடை குறைந்துவிடாது. ஒரு நாட்டின் மிகச் சிறந்த இளம் வீரரை, அவருடைய ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டு, இவ்வளவு எடை வேறுபாட்டோடு ஆண்டின் கடைசி இரவுக் கேளிக்கையாக மேடையேற்றியது பொறுப்பற்ற செயல். "அவரே சம்மதித்தாரே" என்பார்கள். 20 வயதில், தன்னம்பிக்கையின் உச்சத்தில் இருக்கும் ஒருவர் எதற்குத்தான் சம்மதிக்க மாட்டார்? வேண்டாம் என்று சொல்லும் கடமை சுற்றியிருந்த பெரியவர்களுக்கு இருந்தது.

ஆனால் அந்த இரவுக்குப் பிறகு டென்ஷின் நடந்துகொண்ட முறை 1966இன் சவாமுராவை நினைவுபடுத்துகிறது. குத்துச்சண்டையைப் பழிக்கவும் இல்லை, அதிலிருந்து விலகி ஓடவும் இல்லை. சில ஆண்டுகளில், கிக்பாக்ஸிங்கிலிருந்து ஓய்வு பெற்றுக் குத்துச்சண்டைக்குப் போவதாக அறிவித்தார். அதற்கு முன் முடிக்க வேண்டிய ஒரே ஒரு கணக்கு மீதமிருந்தது. அதுதான் தகேரு.

கே-1 அமைப்பில் மூன்று எடைப் பிரிவுகளில் பட்டம் வென்ற தகேருவும் சிறுவயதில் கராத்தேயில் தொடங்கியவர்தான். இருவரும் மோத வேண்டும் என்று 2015 முதலே ரசிகர்கள் காத்திருந்தார்கள். அமைப்புகளுக்கு இடையிலான ஒப்பந்தச் சிக்கல்கள் ஏழு ஆண்டுகளை விழுங்கின. கடைசியில் 2022 ஜூன் 19 அன்று டோக்கியோ டோமில் அது நடந்தது. நேரடியாகத் தொலைக்காட்சியில் காட்டுவதாக இருந்த நிறுவனம் சில வாரங்களுக்கு முன் பின்வாங்கியும், 56,399 பேர் அரங்கில் கூடினார்கள், கட்டணம் செலுத்தி இணையத்தில் பார்த்தவர்கள் ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள். முதல் சுற்றின் இறுதியில், முன்னேறி வந்த தகேருவின் முகத்தில் டென்ஷினின் இடதுகை ஹூக் (பக்கவாட்டுக் குத்து) விழுந்தது. தகேரு சாய்ந்தார். அடுத்த இரண்டு சுற்றுகளிலும் தகேரு ஓயாமல் விரட்டினாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியவில்லை, ஐந்து நடுவர்களும் டென்ஷினுக்கே தீர்ப்பளித்தார்கள். போட்டி முடிந்ததும் இருவரும் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து நானும் கலங்கினேன் என்று எழுத எனக்குத் தயக்கம் இல்லை.

42 போட்டிகள், 42 வெற்றிகள், அவற்றில் 28 நாக் அவுட். 23 வயது. எந்த விதிகளின் கீழ் தான் வளர்ந்தாரோ, எந்த அமைப்பு தன்னைக் கொண்டாடியதோ, அங்கேயே இருந்திருந்தால் அந்த எண் 60 வரைக்கும் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். அவரோ 2023 பிப்ரவரியில் கொராகுவென் மண்டபத்தில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கான தகுதித் தேர்வை எழுதினார். டோக்கியோ டோமை நிரப்பிய ஒருவர், உரிமம் பெற வந்த மற்றவர்களைப் போலவே தேர்வாளர்களின் முன் நின்றார். ஏப்ரலில் முதல் போட்டி, ஆறே சுற்றுகள். அடுத்தடுத்து ஏழு வெற்றிகள் கிடைத்தன, ஆனால் அவற்றில் இரண்டு மட்டுமே நேரத்துக்கு முன் முடிந்தவை. "குத்தில் பலம் இல்லை" என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. முன்னாள் உலகச் சாம்பியன் ஜேசன் மொலோனியைப் பத்துச் சுற்றுகளில் வென்றபோதும் அது அடங்கவில்லை.

இந்த மாற்றம் எவ்வளவு கடினமானது என்பதை விமர்சகர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கிக்பாக்ஸிங்கில் எதிராளியின் தாழ்ந்த உதையைத் தடுப்பதற்காக முன்காலை எப்போது வேண்டுமானாலும் தூக்கக்கூடிய நிலையில் வைத்திருக்க வேண்டும், அதனால் எடை அந்தக் காலில் முழுமையாக இறங்குவதில்லை. குத்துச்சண்டையில் அந்த அச்சம் இல்லை, ஆகவே எடையை முன்னே சாய்த்து, இடுப்பிலிருந்து குத்தைத் தொடங்கி, அடுக்கடுக்காகத் தொடர முடியும். குனிந்து தப்புவதும் அப்படித்தான். கிக்பாக்ஸிங்கில் தலையைத் தாழ்த்தினால் முழங்கால் வந்து முகத்தில் இறங்கும், குத்துச்சண்டையில் தாழ்த்தாவிட்டால்தான் ஆபத்து. இருபது ஆண்டுகளாக உடலில் பதிந்த ஒரு பாடத்தை அழித்து அதன் மேல் எழுதுவது போன்ற வேலை அது. இதற்கு மேல் நேரக் கணக்கும் இருக்கிறது. தகேருவுடனான மோதல் மொத்தம் 9 நிமிடங்கள். ரோட்டாங்குடன் கூடுதல் சுற்றையும் சேர்த்து 18 நிமிடங்கள். இனோவேயுடன் 36 நிமிடங்கள், அதுவும் தன் வாழ்வின் முதல் 12 சுற்றுப் போட்டியில்.

அந்தப் போட்டியில் தொடக்கச் சுற்றுகளில் டென்ஷினின் வேகமும் இடைவெளியும் எடுபட்டன. இனோவே பொறுமையாக அந்த இடைவெளியைக் குறைத்தார். மா-ஆய் சுருங்கச் சுருங்க டென்ஷினின் கைகளுக்கு இடமில்லாமல் போனது. பின்பாதிச் சுற்றுகளில் இனோவேயின் அனுபவமே பேசியது, தீர்ப்பில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எட்டாவது போட்டியிலேயே உலகப் பட்டத்துக்கு இறக்கியது அவசரமா என்று கேட்டால், ஆம், இன்னும் இரண்டு கடினமான போட்டிகளைப் பார்த்திருக்கலாம் என்பேன். ஆனால் மேவெதர் இரவோடு இதை ஒப்பிடுவது பெரும் தவறு. இங்கே எடை சமம், தயாரிப்பு முழுமையானது, இறங்கும் முடிவும் 27 வயதில் தெரிந்தே எடுத்தது.

இதனால்தான் அவரைத் திரும்பி வரச் சொல்லும் குரலோடு என்னால் சேர முடியவில்லை. கிக்பாக்ஸிங்கில் அவருக்கு நிரூபிக்க ஒன்றும் மிச்சமில்லை. 2025 மார்ச்சில் சைதாமாவில் ரோட்டாங், தகேருவை 80 வினாடிகளில் வீழ்த்தியதைப் பார்த்தவர்களுக்கு, அந்த இருவரையும் தன் கணக்கில் வைத்திருப்பவரின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குத்துச்சண்டையில்தான் அவர் இன்னும் மாணவர். நெருங்கி வருபவரின் உள்வட்டத்தில் நின்று வயிற்றுக்குக் குத்துவதை அவர் வளர்த்துக்கொள்ள வேண்டும், எதிராளியின் முன்காலுக்கு வெளியே நகர்வதை எட்டாவது சுற்றுக்குப் பிறகும் தொடரும் அளவுக்குக் கால்களைப் பழக்க வேண்டும். நெருங்கி நின்று நெஞ்சிலும் வயிற்றிலும் குத்துவது, ஐந்து வயதில் கியோகுஷின் கூடத்தில் அவர் முதன்முதலில் கற்றுக்கொண்டவற்றுள் ஒன்று. அடுத்த போட்டியில் அந்தக் குத்தைத்தான் நான் எதிர்பார்த்துக் காத்திருப்பேன்.