ரோசா பார்க்ஸ் கால் வலியால் உட்கார்ந்திருக்கவில்லை

என் மகளுக்கு வாங்கிய ஒரு சிறுவர் நூலில், 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் ஒரு வெள்ளையருக்காக எழுந்து இடம் தராததற்கு, நாள் முழுக்கத் தைத்துக் களைத்துப்போன பாட்டி அவர் என்று காரணம் எழுதியிருந்தார்கள். அவருக்கு அப்போது வயது 42. உடல் களைத்திருக்கவில்லை, பணிந்து பணிந்தே சலித்துப்போயிருந்தேன் என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் உள்ளூர்க் கிளைக்கு 1943-லேயே செயலாளரானவரின் இத்தனை ஆண்டு உழைப்பையும் ஒரு கால் வலிக்குள் அடக்கிவிடுவது எனக்குப் பெரும் அநீதியாகத் தோன்றுகிறது.

உண்மை பிள்ளைகளுக்குப் புரியாது என்பதை நான் ஏற்கவில்லை. அந்தப் பேருந்தின் முன்வரிசைகள் வெள்ளையருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. பார்க்ஸ் அமர்ந்திருந்தது அவற்றுக்குப் பின்னால், நடுப்பகுதியில். இடமின்றி நின்ற ஒரே ஒரு வெள்ளையருக்காக அந்த வரிசையின் நான்கு பேரையும் ஓட்டுநர் எழச் சொன்னார், ஏனெனில் இரு நிறத்தாரும் ஒரே வரிசையில் அமரக் கூடாது. மூவர் எழுந்துவிட்டார்கள், பார்க்ஸ் சன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். வீட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு இதைக் காட்டியபோது, “ஒருத்தர் உட்கார எதுக்குப்பா நாலு பேர் எழுந்திருக்கணும்?” என்று கேட்டாள் மகள். இனவொதுக்கல் என்ற சொல்லை நான் எவ்வளவு விளக்கியிருந்தாலும் அந்தக் கேள்வி பிறந்திருக்காது.

பார்க்ஸ் கைதான அன்றிரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் பேருந்தைப் புறக்கணிக்கச் சொல்லிக் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டதையும், மக்கள் 381 நாட்கள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தும் கார்களைப் பகிர்ந்தும் வேலைக்குப் போனதையும் சிறுவர் நூல்கள் ஓரிரு வரியிலாவது சொல்லிவிடுகின்றன. பெரும்பாலும் விடுபடுபவர், அதே ஆண்டு மார்ச் 2 அன்று அதே நகரில் இடம் தர மறுத்துக் கைதான 15 வயது கிளாடெட் கால்வின். போராட்டத் தலைவர்கள் அவரை முன்னிறுத்தத் தயங்கினார்கள். பின்னர் அவர் கருவுற்றதும் அதற்கொரு காரணமானது. எட்டு வயதுக் குழந்தைக்கு இதைச் சொல்லாமல் விடலாம், பன்னிரண்டு வயதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது என் எண்ணம். ஏனென்றால், பேருந்துகளில் இனவொதுக்கலை முறியடித்த வழக்கை 1956-இல் தொடுத்த பெண்களில் கால்வினும் ஒருவர். பார்க்ஸின் பெயர் அந்த வழக்கில் இல்லை.

கைதாவதற்குச் சற்று முன்புதான் கால்வின் பள்ளியில் கறுப்பின மக்களின் வரலாற்றைப் படித்திருந்தார். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினப் பெண்களான ஹேரியட் டப்மன் ஒரு தோளையும் சோஜர்னர் ட்ரூத் மறு தோளையும் அழுத்தி உட்கார வைத்ததுபோல் இருந்தது, அதனால்தான் எழவில்லை என்று பின்னாளில் அவர் சொன்னார்.