மூன்று சர்வோ எரிந்த பிறகும் "பெரிசா போடுங்க" என்றுதான் சொல்வீர்களா?

ரிமோட் காரில் சக்கரத்தைத் திருப்பும் மோட்டார் பெட்டிதான் சர்வோ. அதில் மூன்றாவதும் போய்விட்டது. நேற்று மாலை என் பையன் பாறைகள் மேல் க்ராலரை, அதாவது பாறை ஏறும் ரிமோட் காரை, ஏற்றிக்கொண்டிருந்தான். "அப்பா, திரும்ப மாட்டேங்குது" என்று கத்தினான். ஓடிப்போய்த் தூக்கினால் சர்வோ மேல் விரல் வைக்க முடியவில்லை. வார்னிஷ் கருகும் அதே நாற்றம். ஆறு மாதத்தில் மூன்றாவது முறை.

கோபம் எனக்குச் சர்வோ மேல் இல்லை. கடையில் ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில் மேல்தான். அவர்கள் சொல்லும் கிலோ, சர்வோ திருப்பும் பலம். "20 கிலோ பத்தாது சார், 25 போடுங்க." போட்டேன், எரிந்தது. "அப்ப 35 போடுங்க." அதுவும் இப்போது குப்பையில். "எண்ட் பாயிண்ட் செட் பண்ணீங்களா?" என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா? சர்வோ எதுவரை திரும்பலாம் என்று ரிமோட்டில் வைக்கும் எல்லைதான் எண்ட் பாயிண்ட். வண்டியோடு வந்த கையேட்டிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நானே சர்வோவைப் பிரித்துப் பார்த்து, ஆம்ப்பியர் அளந்து, பிறகுதான் விஷயம் புரிந்தது.

சர்வோவுக்குத் தெரிந்தது ஒரே வேலை. ரிமோட் சொல்லும் இடத்துக்குப் போய் நிற்பது. 1500 மைக்ரோசெகண்ட் துடிப்பு வந்தால் நடு, 1000 பக்கம் போனால் ஒரு ஓரம், 2000 பக்கம் போனால் மறு ஓரம். சொன்ன இடம் வந்துவிட்டதா என்று உள்ளே இருக்கும் பொட்டன்ஷியோமீட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். வராத வரை மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும், விடாது. இப்போது யோசியுங்கள். முன் ஆக்சிலில் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிள் 1850-லேயே முட்டி நின்றுவிடுகிறது. ரிமோட்டோ 2000-க்குப் போ என்கிறது. போக வழியே இல்லாத இடத்துக்குப் போகச் சொல்லி ஒரு மோட்டாரை மணிக்கணக்கில் வதைக்கிறோம்!

சுற்றும் மோட்டார் தானே எதிர் மின்னழுத்தம் உண்டாக்கிக் கரண்ட்டைக் கட்டுக்குள் வைக்கும். நின்றுபோன மோட்டாருக்கு அந்தக் காப்பு கிடையாது. 6 வோல்ட்டில் 3 ஆம்ப்பியர் இழுத்தால் 18 வாட். வேலை எதுவும் நடக்காததால் அத்தனையும் சூடுதான். நாம் ஈயம் உருக்கும் சாதாரண சோல்டரிங் அயர்னே 25 வாட்தான். அதற்குப் பக்கத்தில் வரும் சூட்டை, தண்ணீர் புகாதபடி அடைத்த, 4 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டிக்குள் பூட்டி வைத்தால் அது எரியாமல் என்ன செய்யும்?

பெரிய சர்வோ போட்டால் தீருமா? முட்டுகிற இடம் அதேதான். இன்னும் பலமாக முட்டும், சர்வோவையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியான லிங்க்கை வளைக்கும். இழுக்கும் கரண்ட்டும் கூடும். வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சிக்குள், சர்வோவுக்கு மின்சாரம் தரும் பிஇசி என்ற பகுதி 3 ஆம்ப்பியர்தான் தரும் என்றால் வோல்ட் சரிந்து, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரே ஒரு நொடி அணைந்துவிடும். அந்த 35 கிலோவும் பெரும்பாலும் 7.4 அல்லது 8.4 வோல்ட்டில் எடுத்த கணக்கு. நம் வண்டியில் 6 வோல்ட் போகிறது. அதையாவது சொல்லி விற்கலாம் இல்லையா?

செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. லிங்க்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் திருப்பிப் பாருங்கள். எங்காவது பிடித்தால் ஸ்க்ரூ இறுக்கம் அதிகம், அல்லது பந்து மூட்டில் மண். ரிமோட்டை நடுவில் வைத்த பிறகே ஹார்னை, அதாவது சர்வோ தண்டில் மாட்டும் கையை, மாட்டுங்கள். 25 பல் கொண்ட தண்டில் ஒரு பல் தள்ளிப் போனாலே 14.4 டிகிரி கோணல். அதை ரிமோட்டில் நடு நிலையை நகர்த்தும் சப்-டிரிமில் இழுத்துச் சரிக்கட்டினால் ஒரு பக்கம் சீக்கிரமே முட்டும். அப்புறம் இடது பக்கம் முழுதாகத் திருப்பிக் காதை வைத்துக் கேளுங்கள். 'ம்ம்ம்' என்று முனகினால் முட்டுகிறது என்று அர்த்தம். முனகல் நிற்கும் வரை எண்ட் பாயிண்ட்டைக் குறையுங்கள், அதற்கும் கீழே இன்னும் ஓரிரண்டு. வலது பக்கத்தைத் தனியாகச் செய்யுங்கள், இரண்டும் ஒரே எண்ணில் வராது.

இங்கேதான் அடுத்த வயிற்றெரிச்சல். வண்டியோடு தரும் மலிவான ரிமோட் பலவற்றில் இடது வலதுக்குத் தனித்தனியாக வைக்கும் வசதியே இல்லை. டூயல் ரேட் என்று ஒரே ஒரு திருகு. அதைக் குறைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து குறையும். முட்டாத பக்கத்திலும் வளைவு போய்விடும். இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு அதைக்கூடத் தர மாட்டார்களா?

பையனிடமும் ஒன்று சொல்லிவிட்டேன். டயர் இரண்டு பாறைக்கு நடுவே மாட்டினால் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே நிற்காதே, விட்டுவிட்டு வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடு. அந்த இடத்தில் எண்ட் பாயிண்ட் காப்பாற்றாது.

இன்று காலை பழைய 20 கிலோவையே புதிதாக வாங்கி மாட்டினேன். எண்ட் பாயிண்ட் இடது 84, வலது 77. ஒரு பேட்டரி முழுதும் ஓட்டி முடித்துக் கை வைத்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.