பத்துக்கு நாலு

வந்தவர்: வணக்கம் மேடம். மதிப்பீட்டுக்காக வந்திருக்கிறேன்.

இருந்தவர்: வந்துவிட்டீர்களா தம்பி! எத்தனை கடிதம் போட்டோம் தெரியுமா? வாருங்கள், நேராகக் கழிவறைக்கே போய்விடலாம்.

வந்தவர்: கழிவறைக்கா? நான் பள்ளியின் தரத்தைப் பார்க்க வந்திருக்கிறேன்.

இருந்தவர்: அதைத்தான் நானும் சொல்கிறேன். இந்தப் பக்கம். பார்த்து வாருங்கள், வழுக்கும்.

வந்தவர்: அதெல்லாம் அப்புறம் மேடம். நான் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். இந்தக் கோப்பைப் பாருங்கள். பத்துக்கு நாலு என்று போட்டிருக்கிறது.

இருந்தவர்: நாலு என்று யார் சொன்னது? மூன்றுதான். நாலாவதும் போன வாரம் நின்றுவிட்டது.

வந்தவர்: மூன்றுக்கு இறங்கிவிட்டதா! நான் பயந்தது சரியாகப் போச்சு.

இருந்தவர்: பயந்து என்ன ஆகப் போகிறது? வாஷர் கொண்டு வந்திருக்கிறீர்களா?

வந்தவர்: வாஷரா?

இருந்தவர்: கோப்பு மட்டும்தான் வந்திருக்கிறதா? போன முறை வந்தவரும் இப்படித்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், மதிப்பீடு எழுதினார், போனார். போனவர் போனவர்தான்.

வந்தவர்: அவர் என்ன முடிவுக்கு வந்தார்?

இருந்தவர்: எல்லாமே பழசு, தேய்ந்து போச்சு, மொத்தமாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாற்ற வேண்டும் என்றார்.

வந்தவர்: ஆசிரியர்களையா?

இருந்தவர்: ஆசிரியர்களை எப்படித் தம்பி கழற்றுவது?

வந்தவர்: ஒரு நிமிடம். நீங்கள் தலைமையாசிரியை இல்லையா?

இருந்தவர்: நீங்கள் குழாய்க்காரர் இல்லையா?

(இரண்டு பேருக்கும் ஏமாற்றம். அதிகம் இழந்தவர் அந்த அம்மாதான் என்பது என் கருத்து. தலைமையாசிரியை எப்படியும் உள்ளேதான் இருக்கிறார், குழாய்க்காரர் அப்படியா?)

வந்தவர்: ஏம்மா, பெருக்குகிற ஆள் என்று முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? என் பெண்ணைச் சேர்ப்பதற்காகப் பள்ளி பார்த்துக்கொண்டிருக்கிறேன். தலைமையாசிரியை எங்கே?

இருந்தவர்: ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். வாருங்கள், போய்ப் பார்க்கலாம்.

வந்தவர்: வேண்டாம், இங்கேயே நிற்கிறேன். என்னிடம் புள்ளிவிவரம் இருக்கிறது.

(இந்த வகை ஆட்களைப் பள்ளி வாசல்களில் நான் நிறையப் பார்த்துவிட்டேன். கையில் கோப்பு கனத்துக்கொண்டே போகும். கால் மட்டும் வாசற்படியைத் தாண்டாது.)

இருந்தவர்: சரி, அந்தப் பத்துக்கு நாலு எதற்குப் போட்டது?

வந்தவர்: தேர்வு மதிப்பெண்ணை வைத்து. மூன்றாம் வகுப்புத் தேர்வு.

இருந்தவர்: அந்த வகுப்பில் மொத்தமே 20 பிள்ளைகள். தேர்வன்று இரண்டு பேர் காய்ச்சலோடு வந்து, பாதித் தாளிலேயே தலையைச் சாய்த்துவிட்டார்கள். 20-ல் 2 என்றால் எவ்வளவு தம்பி?

வந்தவர்: 10 விழுக்காடு.

இருந்தவர்: கணக்கு நன்றாக வருகிறதே. எந்தப் பள்ளியில் படித்தீர்கள்?

வந்தவர்: அரசுப் பள்ளிதான்.

இருந்தவர்: அதற்குப் பத்துக்கு எத்தனை?

வந்தவர்: அப்போது எண் எல்லாம் போட மாட்டார்கள் அம்மா.

இருந்தவர்: தப்பித்தீர்கள்.

வந்தவர்: நீங்கள் சொல்கிற காய்ச்சல் விஷயமும் என் கோப்பில் இருக்கிறது. சின்னப் பள்ளிகளில் மதிப்பெண் வருடத்துக்கு வருடம் ஊஞ்சலாடும். நாலைந்து பிள்ளைகள் மாறினாலே போதும், போன வருடம் உச்சியில் இருந்த பள்ளி இந்த வருடம் அடியில் கிடக்கும்.

இருந்தவர்: அது தெரிந்துமா இந்த நாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

வந்தவர்: ஆனாலும் ஒரு எண் வேண்டுமே அம்மா.

இருந்தவர்: கழிவறையில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அந்த ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் எண்தான்.

வந்தவர்: நீங்கள் மறுபடியும் அங்கேயே போகிறீர்கள். கேளுங்கள். 1966-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்பவர் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்கள். கடைசியில் என்ன தெரிந்தது என்றால், மதிப்பெண் வித்தியாசத்தில் பள்ளிக் கட்டடம், வசதி இதையெல்லாம்விட வீட்டுச் சூழலுக்குத்தான் பெரிய பங்கு.

இருந்தவர்: அப்படியானால் இந்த நாலு எங்கள் பள்ளிக்கா, இந்தத் தெருவில் இருக்கிற வீடுகளுக்கா?

வந்தவர்: அது... இரண்டும் கலந்து.

இருந்தவர்: வீடுகளுக்கு விழுந்த மார்க்கைக் கொண்டுவந்து பள்ளிக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பா அம்மா வேலைக்குப் போய் இருட்டின பிறகு திரும்புகிற பிள்ளைகள் இவை. ஒன்றாம் வகுப்பில் எழுத்து தெரியாமல் நுழைந்த பிள்ளை, மூன்றாம் வகுப்பில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா?

வந்தவர்: அதற்கும் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளை எங்கே ஆரம்பித்து எவ்வளவு தூரம் வந்தது என்று பார்ப்பது. இந்தத் தாளிலேயே கீழே சின்ன எழுத்தில் ஏதோ போட்டிருக்கிறார்கள்.

இருந்தவர்: என்ன போட்டிருக்கிறார்கள்?

வந்தவர்: கண்ணாடி கொண்டுவரவில்லை.

இருந்தவர்: ஆக, எண் பெரிசாக இருந்தது, படித்தீர்கள்.

வந்தவர்: என்னை அப்படி நினைக்காதீர்கள் அம்மா. எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்கும் என்னிடம் பக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் அட்லாண்டா என்று ஒரு நகரம். அங்கே பொதுப் பள்ளிகளின் மதிப்பெண் கிடுகிடுவென்று ஏறியது. ஊரே பாராட்டியது. 2009-ல் நடந்த தேர்வைத் தோண்டிப் பார்த்து 2011-ல் விசாரணை அறிக்கை வந்தது. 44 பள்ளிகளில் முறைகேடு. ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள் என்று 178 பேர் சிக்கினார்கள். பிள்ளைகள் குறித்த தப்பான விடையை அழித்துவிட்டுச் சரியான விடையை இவர்களே குறித்திருந்தார்கள்.

இருந்தவர்: எதை வைத்து அழித்தார்கள்?

வந்தவர்: ரப்பரை வைத்துத்தான்.

இருந்தவர்: அத்தனை ரப்பர் தூசி விழுந்திருக்குமே! அதைப் பெருக்கினவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள். இரண்டு வருடம் போயிருக்காது.

வந்தவர்: (சிரித்து) பெருக்குகிறவர்களுக்கு என்னம்மா தெரியும்?

இருந்தவர்: என்ன தெரியுமா? சாயங்காலம் கரும்பலகையை அழிப்பது நான்தான். தேதி மட்டும் மாறி, கீழே இருப்பது மூன்று நாளாக அப்படியே இருந்தால் அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். பென்சில் சீவல் எந்த அறையில் குவிகிறது என்று எனக்குத் தெரியும். சீவல் இருந்தால் பிள்ளைகள் எழுதுகிறார்கள். தரை பளிச்சென்று இருந்தால் நான் சந்தோஷப்படலாம், நீங்கள் சந்தோஷப்படக் கூடாது.

வந்தவர்: சுவாரசியமாக இருக்கிறதே.

இருந்தவர்: புத்தக அலமாரி ஒன்று இருக்கிறது. எல்லாப் பள்ளியிலும் இருக்கும், பார்க்க வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுவார்கள். நீங்கள் புத்தகத்தை எண்ணாதீர்கள், பூட்டைத் தொட்டுப் பாருங்கள். விரலில் தூசி ஒட்டினால் அது அலமாரி இல்லை, அலங்காரம். எங்கள் அலமாரியில் பாதிப் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. பிள்ளைகள் இழுத்துப் பிடித்துச் சண்டை போட்டதில் கிழிந்தவை. தலைமையாசிரியை வருத்தப்படுகிறார். எனக்கு அதைப் பார்த்தால் ஒரு தெம்பு.

வந்தவர்: இதெல்லாம் எந்த இணையதளத்திலும் இல்லையே.

இருந்தவர்: நோட்டைத் திருப்பிப் பாருங்கள். எல்லாப் பக்கத்திலும் வெறும் டிக் மட்டும் இருந்தால் திருத்தினவர் படிக்கவில்லை. தப்பின் மேல் வட்டம் போட்டு, பக்கத்தில் அந்தப் பிள்ளையே சரியாக எழுதியிருந்தால் யாரோ ஒருத்தர் அதோடு உட்கார்ந்திருக்கிறார். அப்புறம், ஆசிரியை கடைசி வரிசைப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, "ஏய், அந்த ஓரத்துப் பையா" என்கிறாரா, அதையும் கேளுங்கள். நாலாம் வகுப்பில் அப்படி ஒருவர் இருக்கிறார். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வந்தவர்: ஓஹோ! குறை இருக்கிறதை நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள்.

இருந்தவர்: காலையிலிருந்து குழாய், குழாய் என்று பின்னே என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

வந்தவர்: சரி, மொத்தமாக ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். நல்ல பள்ளியா, மோசமான பள்ளியா? இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளுக்கு அப்படித்தான் ஒரே வார்த்தையில் மொத்த மதிப்பீடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இருந்தவர்: இப்போதும் கொடுக்கிறார்களா?

வந்தவர்: 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

இருந்தவர்: அவர்கள் நிறுத்தினதை என்னிடம் வந்து ஆரம்பிக்கிறீர்கள். கழிவறைக்கு மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை இருக்கிறது. பிள்ளைகள் காதில் விழும், சொல்ல மாட்டேன்.

வந்தவர்: ஆனாலும் ஒரு எண்...

இருந்தவர்: வேண்டுமே. தெரியும்.

வந்தவர்: (கோப்பைப் புரட்டி) இதோ, நல்ல செய்தி ஒன்று! உங்கள் வகுப்பில் 20 பேர்தான் என்றீர்கள் அல்லவா? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-ல் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த வகுப்பு என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 13 முதல் 17 பிள்ளைகள் இருந்த சின்ன வகுப்புகள், 22 முதல் 25 பேர் இருந்த வகுப்புகளை வாசிப்பிலும் கணக்கிலும் முந்தின. நீங்கள் கிட்டத்தட்ட அந்தப் பக்கம் வந்துவிட்டீர்கள்!

இருந்தவர்: ஏன் 20-க்கு வந்தோம் தெரியுமா? முன்பு 30-க்கு மேல் இருந்தார்கள். முந்தின வருடங்களில் இதே மாதிரி எண்ணைப் பார்த்துவிட்டு ஓடினவர்கள் போக மிச்சம்தான் 20.

வந்தவர்: அப்படியானால் ஓடினதும் ஒரு வகையில் நல்லதுதானே. இன்னும் ஐந்து பேர் ஓடினால் 15. ஆய்வுக்குள் வந்துவிடுவீர்கள்.

இருந்தவர்: பிள்ளை குறைந்தால் ஆசிரியரையும் தூக்கி வேறு இடத்தில் போட்டுவிடுவார்கள் தம்பி. அதனால்தான் ஒன்றும் இரண்டும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் டென்னசிக்காரர் அதைச் சொன்னாரா?

வந்தவர்: அவர் அதைச் சோதிக்கவில்லை.

இருந்தவர்: இன்னொன்றும் கேளுங்கள். முன்பு ஒரு அம்மா இருந்தார். மகனை இங்கேதான் படிக்க வைத்தார். வாய் என்றால் அப்படி ஒரு வாய். குழாய் சொட்டினால் போதும், அந்த அலுவலகம், இந்த அலுவலகம் என்று ஏறி இறங்கிச் சத்தம் போடுவார். மறுநாளே ஆள் வந்து நிற்பான். ஆசிரியை தாமதமாக வந்தால் வாசலிலேயே நிறுத்திக் கேட்பார். எல்லோருக்கும் அவரைக் கண்டால் பயம், எனக்கும்தான். அவரும் ஒருநாள் கைப்பேசியில் இதே மாதிரி ஒரு எண்ணைப் பார்த்தார். மகனை மாற்றிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து கடிதம் போடுகிறோம். கடிதத்துக்கு வாய் இல்லை. கேட்க ஆள் இருக்கிறவர்கள் எல்லாம் இடத்தைக் காலி செய்துவிட்டு, வெளியே நின்றுகொண்டு "அரசுப் பள்ளி ஏன் இப்படி?" என்றால் நான் என்ன சொல்ல? நீங்கள் போனதால்தான் சார்.

(முதன்முறையாக "சார்" என்கிறார். அது மரியாதை இல்லை என்று வந்தவருக்கும் தெரிகிறது.)

வந்தவர்: நான் இன்னும் சேர்க்கவே இல்லையே அம்மா. என்னை ஏன் சொல்கிறீர்கள்?

இருந்தவர்: சரி, ஒரே ஒரு சோதனை. இது நானே வைத்திருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம், அது இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுங்கள். பாடப்புத்தகம் கூடாது, அது மனப்பாடமாகியிருக்கும். படித்துவிட்டு, என்ன சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். சொல்லிவிட்டால் பள்ளி நடக்கிறது என்று அர்த்தம்.

வந்தவர்: பார்க்காத பக்கத்துக்கு எங்கே போவது?

இருந்தவர்: கையில் என்ன வைத்திருக்கிறீர்கள்? (தண்ணீர் குடிக்க வந்த சிறுமியை அழைத்து) இங்கே வா கண்ணு. இந்த மாமாவுக்குக் கண்ணாடி இல்லையாம். அடியில் குட்டி எழுத்தில் இருப்பதைப் படி.

(சிறுமி படிக்கிறாள். ஒரு இடத்தில் தடுக்கி, திரும்பிப் போய், சரியாகப் படித்து முடிக்கிறாள். "இந்த மதிப்பெண் பள்ளியின் கற்பித்தலை மட்டும் காட்டுவது அன்று. மாணவர்களின் குடும்பச் சூழலும் இதில் சேர்ந்துள்ளது. பெற்றோர் பள்ளிக்கு நேரில் சென்று பார்த்து முடிவு செய்யவும்.")

இருந்தவர்: என்ன சொல்லியிருக்கிறது கண்ணு? ... கேட்டீர்களா தம்பி? உள்ளே வந்து பார்க்கச் சொல்கிறதாம்.

வந்தவர்: நன்றாகப் படிக்கிறாளே! முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளையா?

இருந்தவர்: இல்லை. காய்ச்சலோடு தேர்வு எழுதின இரண்டு பேரில் ஒருத்தி.

வந்தவர்: (பேனாவைத் திறந்து) சரி அம்மா, வாசிப்புக்கு எட்டு என்று போட்டுக்கொள்ளவா? எட்டரையா?