வீட்டில் செய்யும் வேப் கருவியில் காசை எங்கே மிச்சம் பிடிப்பது?

குறைந்த செலவில் வோல்டேஜை மாற்றிக்கொள்ளும் வேப் கருவியை, அதாவது நிக்கோட்டின் திரவத்தை ஆவியாக்கி இழுக்கும் மின்சிகரெட்டை, வீட்டிலேயே செய்வது எப்படி என்று யாராவது கேட்டால், எந்தப் பாகத்தை எவ்வளவு மலிவாக வாங்கலாம் என்பதோடு பெரும்பாலான பதில்கள் நின்றுவிடுகின்றன. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கவலை வருகிறது. பெட்டிக்கும் குமிழுக்கும் எண் காட்டும் திரைக்கும் தாராளமாகச் செலவு செய்கிறவர்கள், பேட்டரி செல், ஸ்விட்ச், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் என்று வரும்போது கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். என் கருத்து இதற்கு நேர்மாறானது. பெட்டி எவ்வளவு அழகற்றதாகவும் இருக்கட்டும். செல்லிலும் மின்சுற்றிலும் ஒரு குறையும் இருக்கக் கூடாது. அதற்குப் பணம் போதவில்லை என்றால், சேரும்வரை காத்திருக்கலாம்.

சிகரெட்டை விட்டுவிட்டு இதற்கு மாறிய வயதுவந்தவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். புகைப் பழக்கமே இல்லாத ஒருவர் நிக்கோட்டினைத் தொட எந்தக் காரணமும் இல்லை. மேலும், இந்தக் கருவியைத் தயாரிப்பதையும் விற்பதையும் குற்றமாக்கியிருக்கும் நாடுகள் உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் சால்டரிங் அயர்னைச் சூடாக்க வேண்டாம்.

வோல்டேஜை ஏன் மாற்ற வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். திரவத்தை ஆவியாக்கும் கம்பிச்சுருளான காயிலில் பிறக்கும் வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் கிடைப்பது. ஒரு லித்தியம் அயன் செல் முழுதாகச் சார்ஜ் ஏறியிருக்கும்போது 4.2 வோல்ட் தருகிறது. தீரும் நிலையில் 3.3 வோல்டுக்கு இறங்குகிறது. 2 ஓம் காயிலை அந்தச் செல்லோடு நேராக இணைத்தால் தொடக்கத்தில் 8.8 வாட், முடிவில் 5.4 வாட். காலையில் தொண்டையைக் கரகரக்க வைக்கும் அதே கருவி மாலையில் உப்புச்சப்பில்லாமல் ஆவியைத் தருவது இதனால்தான். நல்ல ரெகுலேட்டர் இருந்தால் செல் இறங்கினாலும் காயிலுக்குப் போகும் வோல்டேஜ் நிலையாக இருக்கும். காயிலை மாற்றும்போது அதற்கேற்பக் குமிழைத் திருகிக்கொள்ளலாம். இந்த வசதியின் முழுப் பயனும் இதுதான். 6 வோல்ட் வரை ஏற்ற முடிகிறது என்று பெருமை பேசுவதை என்னால் இன்றுவரை புரிந்துகொள்ள முடியவில்லை.

மலிவு என்றதும் பலர் முதலில் நாடுவது எல்எம்317 என்னும் பழைய ரெகுலேட்டரை. பாடப்புத்தகங்களில் வருவது, எங்கும் கிடைப்பது, இரண்டு மின்தடைகளோடு வேலை முடிந்துவிடுவது என்று அதற்குப் பல சிறப்புகள் உண்டு. ஆனால் இந்த வேலைக்கு அது சற்றும் பொருந்தாது. அதன் வரம்பு 1.5 ஆம்பியர், 2 ஓம் காயிலுக்கு 4 வோல்ட் கொடுத்தாலே 2 ஆம்பியர் ஓடும். உள்ளே வரும் வோல்டேஜ் வெளியே போவதைவிட ஏறத்தாழ 2 வோல்ட் அதிகமாக இருக்க வேண்டும் என்பதால் ஒற்றைச் செல்லில் அது இயங்காது. இரண்டு செல்களைத் தொடராக வைத்து 8.4 வோல்ட் கொடுத்தால், மிஞ்சும் 4.4 வோல்ட் முழுவதையும் அது வெப்பமாகவே கழித்தாக வேண்டும். 2 ஆம்பியரில் அது 8.8 வாட். காயிலில் பிறப்பதோ 8 வாட்தான். ஆவியாக்கும் கம்பியைவிடக் கைக்குள் இருக்கும் ரெகுலேட்டர் அதிகம் சூடாகும் கருவியை எந்தக் கணக்கில் சிக்கனம் என்பது?

அதனால் ஸ்விட்சிங் முறையில், அதாவது மிஞ்சுவதை வெப்பமாகக் கழிக்காமல், வோல்டேஜை இறக்கும் ஆயத்தச் சுற்றான மாட்யூலுக்குத்தான் பணத்தை ஒதுக்க வேண்டும். வீட்டில் கருவி செய்பவர்கள் நெடுநாளாகப் பயன்படுத்திவரும் முராட்டா நிறுவனத்தின் ஓகேஆர்-டி/10 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 4.5 முதல் 14 வோல்ட் வரை ஏற்று, 0.591 முதல் 6 வோல்ட் வரை தந்து, 10 ஆம்பியர் வரை தாங்கும் அந்தச் சிறு மாட்யூலில் வோல்டேஜைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மின்தடை. 1.182-ஐ அந்த மின்தடையின் கிலோ ஓம் மதிப்பால் வகுத்து 0.591-ஐக் கூட்டினால் வெளிவரும் வோல்டேஜ் கிடைத்துவிடும். குமிழைத் திருகினால் மின்தடை மாறும் 200 ஓம் பொட்டென்ஷியோமீட்டரோடு 270 ஓம் நிலையான மின்தடையைத் தொடராகச் சேர்த்தால், குமிழின் ஒரு கோடியில் 3.1 வோல்ட், மறு கோடியில் ஏறத்தாழ 5 வோல்ட். நடுவில் வரவேண்டியது 4 என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 3.8 வோல்ட்தான் வருகிறது. முதல் பாதித் திருகலில் மெதுவாக ஏறும் வோல்டேஜ் மறுபாதியில் வேகமெடுக்கிறது. குமிழைச் சுற்றி எண் எழுதுகிறவர்கள் சம இடைவெளியில் எழுதாமல், மீட்டரை வைத்து அளந்து எழுத வேண்டும்.

அந்த 270 ஓம் மின்தடையை வேண்டாத செலவு என்று விட்டுவிடுகிறார்கள். அதன் விலை ஒரு பொருட்டே அல்ல. ஆனால் குமிழை எவ்வளவு திருகினாலும் 5 வோல்டைத் தாண்டவிடாமல் தடுப்பது அது ஒன்றுதான். இந்த வரம்பு ஏன் முக்கியம் என்பதற்கு 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த ஒரு கடிதத்தைச் சொல்லலாம். போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வோல்டேஜ் மாற்றக்கூடிய கருவி ஒன்றின் ஆவியைச் சோதித்தபோது, 3.3 வோல்டில் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் சேர்மங்கள் தென்படவில்லை. 5 வோல்டில் தென்பட்டன. அந்த 5 வோல்ட், அந்தக் காயிலுக்குத் திரியே கருகும் நிலை என்றும், அந்தச் சுவையை எவராலும் தாங்கி இழுக்க முடியாது என்றும் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். எந்தப் பக்கம் சரி என்ற வாதம் எப்படி முடிந்தாலும், கருவி செய்பவருக்கு அதில் தெளிவான சேதி இருக்கிறது. திரி திரவத்தை இழுத்துக் கொடுக்கும் வேகத்தைவிட வெப்பம் முந்தினால் நாம் உள்ளே இழுப்பது வேறு பொருள். உச்ச வோல்டேஜைக் காயிலைப் பார்த்து முடிவு செய்து, சுற்றிலேயே பூட்டிவிடுவது நல்லது.

பொட்டென்ஷியோமீட்டர் பழுதானால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். உள்ளே நகரும் முனை தொடர்பு விட்டுப்போவது அதற்கு இயல்பான பழுது. மேலே சொன்ன மாட்யூலில் தொடர்பு அறுந்தால் வோல்டேஜ் 0.591-க்கு விழுந்துவிடுகிறது, கருவி வேலை செய்யாது, அவ்வளவுதான். மிக மலிவாகக் கிடைக்கும் எல்எம்2596 பலகைகளில் திருகுமின்தடை வழக்கமாக, வெளிவரும் வோல்டேஜை ரெகுலேட்டருக்குத் தெரிவிக்கும் பாதையிலேயே அமைந்திருப்பதால், தொடர்பு அறுந்தால் உள்ளே வரும் முழு வோல்டேஜும் காயிலுக்குப் பாய்கிறது. இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் இந்தப் பாதுகாப்பும் அடக்கம் என்று நான் கருதுகிறேன்.

ஒற்றைச் செல்லை வைத்து வோல்டேஜை உயர்த்தும் பூஸ்ட் பலகையைத் தேர்ந்தெடுப்பவர்கள் செல்லின் பக்கத்துக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். 2 ஓம் காயிலுக்கு 5 வோல்ட் என்றால் 12.5 வாட். பலகையின் திறன் 85 சதவீதம் என்று வைத்தால் செல்லிலிருந்து 14.7 வாட் எடுக்க வேண்டும், செல் 3.4 வோல்டில் இருக்கும்போது அது 4.3 ஆம்பியர். காயிலில் ஓடுவது 2.5 ஆம்பியர்தானே என்று எண்ணி மெல்லிய கம்பியும் தளர்ந்த ஸ்பிரிங்கும் போட்டால் அங்கேயே சூடேறும். டிபி4056 சார்ஜர் பலகையோடு வரும் பாதுகாப்புச் சுற்று பெரும்பாலும் 3 ஆம்பியர் அளவிலேயே துண்டித்துவிடும். அது துண்டிக்கிறதே என்று அதைத் தவிர்த்து நேராகக் கம்பி போட்டு இணைத்துவிடும் ‘தீர்வை’ யாராவது உங்களுக்குச் சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஸ்விட்சைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பழுது பார்க்கச் சொல்லி என்னிடம் வந்த ஒரு கருவியில், எலெக்ட்ரானிக்ஸ் பொருள்களில் எங்கும் காணப்படும் 6 மில்லிமீட்டர் அழுத்து பொத்தானைக் காயிலின் மின்பாதையிலேயே நேராக வைத்திருந்தார்கள். அந்த வகைப் பொத்தான்களின் வரம்பு பொதுவாக 50 மில்லி ஆம்பியர். அதைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்த மெல்லிய உலோகக் குவிதகடு கீழ்முனையோடு உருகி ஒட்டிக்கொண்டு, விளிம்பில் நீலம் பாய்ந்திருந்தது. விரலை எடுத்த பிறகும் காயில் எரிந்துகொண்டே இருந்திருக்கும். சட்டைப் பையில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2009 ஜனவரி முதல் 2016 இறுதிவரை அந்நாட்டில் மின்சிகரெட்டால் நேர்ந்த 195 தீ மற்றும் வெடிப்பு நிகழ்வுகளைப் பதிவு செய்கிறது. 133 பேர் காயமடைந்தார்கள், அவற்றில் 38 கடுமையான காயங்கள். கருவியோ செல்லோ சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ இருந்தபோது நேர்ந்தவையும் அவற்றில் கணிசமாக உண்டு.

பொத்தான் இப்படி உருகாமல் இருக்க இரண்டு வழிகள் உண்டு. மாட்யூலில் ஆன்-ஆஃப் முனை இருந்தால் சிறு பொத்தானை அங்கே இணைக்கலாம். அதன் வழியே மிகச் சொற்ப மின்னோட்டமே போகும். இல்லையென்றால் மின்னணு ஸ்விட்சான மாஸ்ஃபெட் ஒன்றைப் போட்டு, பொத்தான் அதன் கட்டுப்பாட்டு முனையான கேட்டை மட்டும் இயக்குமாறு செய்ய வேண்டும். கேட்டிலிருந்து எதிர்முனைக்குப் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால், பொத்தானை விட்ட பிறகும் கேட்டில் மின்னேற்றம் தங்கிக் கருவி அணையாமல் இருக்கும்; சில நேரம் தொடாமலே எரியும். எதிர்முனைப் பக்கம் மாஸ்ஃபெட் வைக்கும்போது உலோகப் பெட்டியில் இன்னொரு சிக்கலும் வருகிறது. காயிலுள்ள பகுதியைத் திருகிப் பொருத்தும் 510 இணைப்பியின் வெளிமரை காயிலின் எதிர்முனை. அது பெட்டியைத் தொடும். செல்லின் எதிர்முனையும் எங்காவது பெட்டியைத் தொட்டுவிட்டால் மாஸ்ஃபெட்டைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் ஓடும், கருவி அணையவே அணையாது. பளபளக்கும் அலுமினியப் பெட்டியைவிட, காற்றுப் போக்குவதற்குத் துளைகள் போட்ட கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியை நான் பரிந்துரைப்பதற்கு விலை மட்டும் காரணமில்லை.

செல் விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. 18650 செல் என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த இடத்துக்குள் பரவலாகக் கிடைக்கும் நல்ல செல்களால் தர முடிவது சுமார் 3500 மில்லி ஆம்பியர் மணி. 9900 என்று அச்சிட்டு விற்கப்படுபவை அப்பட்டமான பொய். கொள்ளளவைவிட, தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரலாம் என்ற எண்ணையே முதலில் பார்க்க வேண்டும். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்லை வேறு எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், வாய்க்கு அருகில் கொண்டுபோகும் கருவிக்கு வேண்டாம். அதன் வயதும் தெரியாது, வரம்பும் தெரியாது, மேலுறை கிழிந்திருக்கவும் கூடும். செல்லின் மேல்முனையைக் கூர்ந்து பார்த்தால், நடுப்பொத்தான் மட்டுமே நேர்முனை என்பதும், அதைச் சுற்றியிருக்கும் விளிம்பு உட்பட உடல் முழுவதும் எதிர்முனை என்பதும் தெரியும். அந்த இரண்டையும் பிரிப்பவை மெல்லிய வளையமும் பிளாஸ்டிக் உறையும்தான்.

இரண்டு செல்களைத் தொடராக வைப்பவர்கள் ஒரே வகை, ஒரே வயது, ஒரே அளவு சார்ஜ் உள்ள இணையையே எப்போதும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பலவீனமான செல் முதலில் தீர்ந்து, மற்றதன் அழுத்தத்தில் தலைகீழாகச் சார்ஜ் ஏறத் தொடங்கும். 4.5 வோல்ட் வரை இயங்கும் மாட்யூல் தானாக நின்றுவிடும் என்று நம்புவதும் தவறு. அது ஒரு செல்லுக்கு 2.25 வோல்ட், செல் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும் அளவு. குறைந்த வோல்டேஜில் துண்டிக்கும் சுற்று தனியாக வேண்டும். சார்ஜ் செய்வதைப் பெட்டிக்குள் வைக்காமல், செல்களை வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கும் சார்ஜரில் போடுவதே மேல். செல்லில் நேராகச் சால்டர் வைக்கவே வேண்டாம். தரமான ஹோல்டர் போதும், அதோடு ஒரு ப்யூஸ்.

எல்லாம் முடிந்ததும் உடனே காயிலை மாட்டி இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, 2 ஓம், 25 வாட் மின்தடை ஒன்றை இணைப்பியில் பொருத்திச் சோதியுங்கள். பொத்தானை அழுத்தியபடியே வோல்டேஜை அந்த மின்தடையின் முனைகளில் அளக்க வேண்டும். சுமை இல்லாமல் காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை. மாட்யூலுக்குப் பதிலாக மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும் எளிய சுற்றைப் போட்டவர்களுக்கு மல்டிமீட்டரே தவறான நம்பிக்கை தந்துவிடும். 6 வோல்டை வெட்டி வெட்டி அனுப்பும்போது மீட்டர் சராசரியாக 3.7 காட்டினால், 2 ஓம் காயிலில் 6.8 வாட் என்று நினைப்போம். உண்மையில் போவது 11.1 வாட். பிறகு செல்லின் முனைகளுக்கும் மாட்யூலின் உள்ளீட்டுக்கும் நடுவே எவ்வளவு வோல்டேஜ் தொலைகிறது என்று பாருங்கள், 0.2 வோல்டுக்கு மேல் இருந்தால் ஹோல்டரையும் கம்பியையும் மாற்ற வேண்டும். கடைசியாக, பொத்தானை விட்ட கணமே மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்று பலமுறை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒரு முறை தயங்கினாலும் அந்தக் கருவியில் காயிலை மாட்டக் கூடாது.