ஐந்தாம் படிவத்தில் நூறாண்டு

(மலேசியாவின் சுங்கை சிப்புட் பேருந்து நிலையத்தை ஒட்டிய உணவுக்கடை. மாலை மழை விடுவதாக இல்லை. ஆறாம் படிவ மாணவி மீனா தடித்த ஆங்கில நாவல் ஒன்றில் மூழ்கியிருக்கிறாள். எதிரே அவளுடைய சின்னத் தாத்தா. பால்மரத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டை எழுதிப் பழகிய கை சும்மா இருந்தாலும் கண் சும்மா இருப்பதில்லை.)

தாத்தா: அட்டையில் இருக்கும் இந்தப் பெண் ஏன் இவ்வளவு நீளமான கவுனைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் தனியாக நிற்கிறாள்? வீட்டில் தேட மாட்டார்களா?

மீனா: அவள்தான் கதாநாயகி ஈவா, தாத்தா. வகுப்பில் யாரும் திரும்பிப் பார்க்காத, எந்தச் சிறப்பும் இல்லாத, மிகவும் சாதாரணமான பெண் தான் என்று முதல் பக்கத்திலேயே அவளே சொல்லிவிடுகிறாள்.

தாத்தா: அவளே சொல்கிறாளா? விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் எத்தனையோ ஆண்டு பெயர் கூப்பிட்டிருக்கிறேன். "கிராணி ஐயா, நான் சாதாரணமானவள்" என்று ஒருத்திகூட முன்வந்து சொன்னதில்லை. அவரவருக்கு வாளியையும் உளியையும் தேடவே நேரம் போதாது. சரி, இந்தப் பெண்ணின் வீட்டில் யார் சமைக்கிறார்கள்? யார் தட்டுக் கழுவுகிறார்கள்?

மீனா: (பக்கங்களைப் புரட்டியபடி) இதுவரையில் யாரும் கழுவியதாகத் தெரியவில்லை. ஒரே ஒரு முறை தேநீர்க் கோப்பை அவள் கையிலிருந்து நழுவுகிறது. ஆனால் தரையைத் தொடாமல் அந்தரத்திலேயே நின்றுவிடுகிறது. அப்போதுதான் தனக்குள் ஏதோ சக்தி இருப்பதே அவளுக்குத் தெரிய வருகிறது.

தாத்தா: பதினாறு வயது வரையில் ஒரு கோப்பையைக்கூடத் தொட்டதில்லை என்றுதான் இதற்குப் பொருள். முன்பே கழுவியிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

மீனா: அதே வாரத்தில் பள்ளிக்குப் புதிதாக ஒரு பையன் வருகிறான். பார்ப்பதற்குப் பதினேழு வயது. உண்மையில் அவன் 1909இல் பிறந்தவன். உயிருள்ளவர்களின் உலகத்துக்கும் இறந்தவர்களின் உலகத்துக்கும் இடையே காவல் நிற்கிறான். அவனுக்கு மரணமே கிடையாது.

தாத்தா: 1909இல் பிறந்தவன் இன்னும் ஐந்தாம் படிவத்தில் இருக்கிறானா? எஸ்.பி.எம். தேர்வை எத்தனை முறைதான் எழுதுவான்?

மீனா: ஊர் ஊராக மாறிக்கொண்டே இருப்பான், தாத்தா. அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

தாத்தா: அது அந்தக் குளிர் தேசத்தில் நடக்கும். இங்கே அடையாள அட்டையைக் காட்டச் சொன்னால் என்ன செய்வான்? (சற்று யோசித்து, முகம் மலர்ந்து) இல்லை, இங்கேதான் அவனுக்கு வசதி. நம்முடைய மைகார்டு எண் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களில் தொடங்குகிறது. 1909 என்றாலும் 09, 2009 என்றாலும் 09. சரியாக நூறு வயதை முழுங்கிவிட்டு நிமிர்ந்து நடக்கலாம்.

மீனா: இதை நாவலாசிரியர்கூட யோசித்திருக்க மாட்டார், தாத்தா!

தாத்தா: ஆனால் அதற்கு முன்பே மாட்டியிருப்பான். சாகாதவன் என்று தெரிந்திருந்தால் போர்க்காலத்தில் ஜப்பான்காரன் சயாம் மரண ரயில் பாதைக்கு அவனைத்தான் முதல் ஆளாக ஏற்றியிருப்பான். அதிலிருந்து தப்பினாலும், 1948இல் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கம்யூனிஸ்டுகள் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுட்டுக் கொன்றதும் அவசரகாலம் வந்தது. கம்பிவேலி, இரவு ஊரடங்கு. ஒரு சோற்றுப் பொட்டலத்தையே வேலிக்கு வெளியே கொண்டுபோக முடியாத காலத்தில் இவன் காதல் கடிதத்தை எப்படிக் கொண்டுபோவான்?

மீனா: தாத்தா, கதை இங்கே நடக்கவில்லை. இனிமேல்தான் சுவாரசியமே இருக்கிறது. நள்ளிரவில் யாரோ தன் பெயரைச் சொல்லி அழைப்பதைக் கேட்டு, ஈவா கையில் விளக்குக்கூட இல்லாமல் காட்டுக்குள் போகிறாள்.

தாத்தா: இதைப் படித்தவுடனேயே நீ புத்தகத்தை மூடியிருக்க வேண்டும். இரவில் பெயர் சொல்லி அழைத்தால் மூன்று முறை அழைக்கும்வரை வாய் திறக்கக்கூடாது என்று நம் வீட்டுச் சிறு பிள்ளைக்குக்கூடத் தெரியும். பொந்தியானாக் என்ற பெண் பேயைப் பற்றி மலாய்க்காரர்கள் இன்னும் நுட்பமாகச் சொல்வார்கள். அழுகை பலமாகக் கேட்டால் அது தொலைவில் இருக்கிறது. மெல்லியதாகக் கேட்டால் பக்கத்திலேயே நிற்கிறது.

மீனா: உங்கள் தோட்டத்தில் அப்படி எப்போதாவது கேட்டதுண்டா?

தாத்தா: ஒருமுறை வாழைமர ஓரத்துப் பால்மர நிரையில் பூவாசம் அடித்தது என்று மூன்று பேர் வேலைக்கு வரவில்லை. செக்ரோலில் "பொந்தியானாக்" என்று எழுத இடம் ஏது? மூவருக்கும் வயிற்றுப்போக்கு என்று எழுதினேன். மறுநாள் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸர் வந்து தோட்டம் முழுவதற்கும் கசப்பு மருந்தைக் குடிக்கவைத்தார்.

(மருந்தைத் தாமும் குடித்தாரா என்பதைத் தாத்தா சொல்லவில்லை. மீனாவும் கேட்கவில்லை.)

மீனா: காட்டுக்குள் இன்னொருவன் அவளைக் காப்பாற்றுகிறான். அவன் விலங்காக மாறக்கூடியவன். அவனும் அவளைக் காதலிக்கிறான்.

தாத்தா: இங்கே என்றால் புலியாக மாறுவான். ஹரிமாவ் ஜாடியான் என்பார்கள். மனித உருவில் வந்தாலும் மேலுதட்டுக்கு நடுவில் இருக்கும் குழி அவனுக்கு இருக்காதாம். அந்தப் பெண் அதையாவது கவனித்தாளா?

மீனா: அவனுடைய உதட்டைப் பற்றியே ஆறு பக்கம் எழுதியிருக்கிறது. குழி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் எழுதவில்லை.

தாத்தா: பார் அம்மா! யாருமே திரும்பிப் பார்க்காத பெண்ணுக்கு ஒரே வாரத்தில் இரண்டு மாப்பிள்ளைகள், ஒரு மந்திர சக்தி, கூடவே பரம்பரை நகையும் இருக்குமே?

மீனா: பாட்டி விட்டுச்சென்ற பதக்கம் இருக்கிறது. அதைத் திறந்தால்தான் அவள் யார் என்பது தெரியும்.

தாத்தா: பிறகென்ன சாதாரணம்? நம் இலக்கியத்தில் இப்படி ஏமாற்று வேலை உண்டா?

மீனா: கண்ணகி?

தாத்தா: கண்ணகிக்கு என்ன?

மீனா: புகார் நகரத்து வணிகன் வீட்டுப் பெண். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்து மாணிக்கப் பரல் தெறித்தபிறகுதான் அவள் யார் என்று ஊருக்கே தெரிந்தது. பரம்பரை நகை, மறைந்திருந்த சக்தி, கடைசியில் தீ. என்ன குறைகிறது, தாத்தா?

தாத்தா: (பாலில்லாத் தேநீரான தே ஓ கோப்பையைக் கீழே வைத்து) கண்ணகி கண்டவன் பின்னால் அலையவில்லை.

மீனா: ஆமாம். மாதவி வீட்டுக்குப் போனவன் திரும்பி வரட்டும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈவாவாவது கேள்வி கேட்கிறாள்.

(தாத்தா கடைக்காரரைப் பார்த்து இன்னொரு தே ஓ கேட்கிறார். தோல்வியை அவர் இப்படித்தான் பதிவு செய்வது வழக்கம்.)

தாத்தா: முடிவு என்ன?

மீனா: அவள் விரும்பினால் அவனைப் போலவே பதினேழு வயதிலேயே நின்றுவிடலாம். மூப்பும் இல்லை, சாவும் இல்லை. சரி என்று சொல்வாளா என்பதுதான் கேள்வி.

தாத்தா: சொல்லக்கூடாது. ஐம்பத்தைந்து வயது ஆனபிறகு இ.பி.எப். சேமநிதிப் பணத்தை எடுக்கப் போனால், முகத்தைப் பார்த்துவிட்டு அப்பாவை அழைத்து வா என்பார்கள். அது போகட்டும், வாரிசு என்று ஒரு பெயரை எழுதிக் கொடுக்க வேண்டுமே, இவள் யார் பெயரை எழுதுவாள்? அம்மாவை எழுதினால் அம்மா போய்விடுவாள். பிள்ளையை எழுதினால் பிள்ளையும் கிழவனாகிப் போய்விடுவான். ஒவ்வொரு முறையும் படிவத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மீனா: (புத்தகத்தை மெதுவாக மூடி) தாத்தா, இதைத்தான் மூன்றாம் பாகத்தில் நானூறு பக்கத்துக்கு அழுது அழுது எழுதியிருக்கிறார்.