கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது

எங்கள் பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்த அன்று எடை 7.1 கிலோ. எட்டு மாதம் முடிந்து தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போய் எடை பார்த்தபோது 7.2. இரண்டு மாதத்தில் நூறு கிராம்! காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. தாய்ப்பாலையும் நிறுத்தவில்லை. காலையில் ராகிக் கஞ்சி, மதியம் பருப்புத் தண்ணீர், சாயங்காலம் வேகவைத்து வடிகட்டிய ஆப்பிள் சாறு என்று மூன்று வேளையும் தவறாமல் ஊட்டியிருக்கிறோம். கிண்ணம் காலியானால் அத்தைக்கும் எனக்கும் அப்படி ஒரு நிம்மதி.

நர்ஸ் அக்கா திட்டவில்லை. "என்னம்மா குடுக்கிறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "கரண்டியில எடுத்துச் சாய்ச்சா நிக்குமா, ஓடுமா?" என்றார். ஓடும்க்கா என்றேன். "அப்ப பிள்ளைக்கு ரெண்டு மாசமா தண்ணியத்தான் குடுத்திருக்கீங்க."

பஸ்ஸில் வரும்போது பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பசியோடு இருந்த பிள்ளையை நல்ல பிள்ளை, படுத்தாமல் சாப்பிடுகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு. ஆறாம் மாதம் நெருங்குகிற வீடுகளில் இருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

பருப்புத் தண்ணீர் எப்படி எடுக்கிறோம் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். குக்கரைத் திறந்ததும் கலக்காமல், மேலே தெளிந்து நிற்பதை மட்டும் கரண்டியால் மொண்டு, வடிகட்டியில் ஊற்றி, ஒரு சொட்டு நெய் விட்டு ஊட்டுகிறோம். பருப்பு எங்கே இருக்கிறது? அடியில். அது சாம்பாருக்குப் போய்விடும். வளர்ந்து முடிந்த நமக்குப் பருப்பு, வளர வேண்டிய பிள்ளைக்கு அது வெந்த தண்ணீர். எத்தனை வீடுகளில் இதை எத்தனை அன்போடு செய்கிறோம்!

குழந்தையின் இரைப்பை ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 30 மில்லிதான் கொள்ளும். ஏழு கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 210 மில்லி, அதாவது ஒரு டம்ளர். அதற்குள்தான் எல்லாமே அடங்க வேண்டும். ஆறு முதல் எட்டு மாதத்தில் தாய்ப்பால் போக நாளொன்றுக்கு 200 கலோரி வரை உணவிலிருந்து வர வேண்டும், ஒன்பதாம் மாதத்திலிருந்து 300 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு டீஸ்பூன் ராகி மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் காய்ச்சினால் அதில் 15 கலோரிகூடத் தேறாது. ஆனால் வயிறு நிறைந்துவிடும். நிறைந்த வயிறு அழாது, தாய்ப்பாலையும் குறைவாகத்தான் குடிக்கும். இதுதான் என் பிள்ளைக்கு நடந்தது.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதை இப்போது பெரும்பாலும் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். அதற்கு அடுத்த நாள் என்ன, எந்தப் பதத்தில் என்று மட்டும் யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்வதில்லை. தடுப்பூசிக்கு நாள் குறித்துக் கொடுக்கிறார்கள். சோற்றுக்கு "இனிமே இணை உணவு ஆரம்பிங்க" என்ற ஒரே வரிதான். எனக்கு அதில் இன்னும் கோபம் இருக்கிறது.

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். "ஏளா, பச்ச மண்ணுக்குத் தொண்டையில அடச்சுக்கிடும், மாந்தம் பிடிச்சுக்கிடும்" என்பது அவர் பயம். என் பயமும் அதுதான். சோறு பிசைந்து ஊட்டிய முதல் நாள் பாப்பா நாக்கை நீட்டி, கண் கலங்கி, ஓங்கரித்தபோது நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஓங்கரிப்பதையும் தொண்டை அடைப்பதையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்று பிறகுதான் கற்றுக்கொண்டேன். ஓங்கரிக்கும் பிள்ளை சத்தம் போடும், இருமும், தானாகவே வெளியே தள்ளிவிடும். அது தொண்டை தன்னைக் காத்துக்கொள்ளும் விதம். உண்மையில் அடைத்துவிட்டால் சத்தமே வராது, அழ முடியாது, முகம் நீலம் பூக்கும். அதற்குக் காரணம் மசித்த சோறு அல்ல. முழு நிலக்கடலை, முழு திராட்சை, கேரட் துண்டு, இப்படி உருண்டையாகவும் கெட்டியாகவும் இருப்பவைதான். அவற்றைக் கொடுக்கவே கூடாது. படுக்கவைத்தும் ஊட்டக் கூடாது, நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும்.

அப்புறம், இந்த வடிகட்டலும் மிக்ஸியும் நம் பழைய வழக்கமே இல்லை. எங்கள் ஆச்சி என் தம்பிக்கு ஊட்டியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குழைந்த சோற்றையும் பருப்பையும் தட்டின் ஓரத்தில் வைத்து, நெய் விட்டு, கட்டைவிரலால் தட்டோடு தேய்த்துத் தேய்த்து மசிப்பார். பருக்கை தெரியாது, ஆனால் வழியவும் வழியாது. விரல் நுனியில் ஒட்டி நிற்கும். அதை அப்படியே மேலண்ணத்தில் தடவிவிடுவார். தம்பி சப்புக்கொட்டித் தின்பான்.

ராகியிலும் ஆச்சிக்கு ஒரு பக்குவம் இருந்தது. ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்ட பிறகு காயவைத்து, லேசாக வறுத்துத்தான் திரிப்பார். சத்துக்காக என்று மட்டும் நினைத்திருந்தேன். விஷயம் அதற்கு மேலே இருக்கிறது. முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும். சாதாரண மாவு கொஞ்சம் போட்டாலே பசையாக இறுகும், உடனே நாம் தண்ணீரை ஊற்றுவோம். முளைகட்டிய மாவு கூடுதலாகப் போட்டாலும் இளகி நிற்கும். அதே கிண்ணத்தில் அதிக மாவு, ஆனால் விழுங்கச் சுலபம். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் முளைகட்டிய ராகி சேர்கிறது. அதை மாட்டுக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. வெல்லம் சேர்ந்தது என்பதால் நான் ஒரு வேளைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, இரும்புச்சத்து. பிறக்கும்போது உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இருப்பு ஆறாம் மாதத்தை ஒட்டிக் கரைந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் நம் தமிழ்நாட்டில் 57.4 சதவீதக் குழந்தைகளுக்கு இரத்தசோகை. இந்தியா முழுக்க 67.1. பாதிக்கு மேல்! கஞ்சியும் பாலில் நனைத்த பிஸ்கட்டும் இதைச் சரிசெய்யாது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முட்டை, மீன், கறி இவற்றில் ஏதாவது ஒன்றை இந்த வயதில் தினமும் கொடுக்கச் சொல்கிறது. நம் வீடுகளிலோ "ஒரு வயசு ஆகட்டும்" என்று தள்ளிப்போடுகிறோம். நான் முட்டையில் தொடங்கினேன், மஞ்சள், வெள்ளை இரண்டும் நன்றாக வேகவைத்து. அடுத்து ஆட்டு ஈரலை வேகவைத்து நசுக்கிச் சோற்றோடு சேர்த்தேன். சைவக்காரர்கள் பருப்பு, பயறு, கீரையை மசித்துக் கொடுத்து, கூடவே கொய்யா, ஆரஞ்சு, எலுமிச்சை என்று புளிப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி இருந்தால்தான் அந்த இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ மட்டும் கூடவே கூடாது. பிள்ளைக்கு யார் டீ கொடுப்பார்கள் என்று கேட்காதீர்கள், எங்கள் தெருவிலேயே கொடுக்கிறார்கள்.

ஒரு வயது வரை தேன் வேண்டாம், நாக்கில் தடவக்கூட வேண்டாம். அதில் வரக்கூடிய ஒரு கிருமி அந்தப் பிஞ்சுக் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கிவிடும். உப்பும் சர்க்கரையும் வேண்டாம். பாட்டில் நிப்பிளின் ஓட்டையைப் பெரிதாக்கிக் கஞ்சி புகட்டுகிறவர்கள் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

அந்த நர்ஸ் அக்காவைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் அத்தையிடம் ஒன்றும் பேசாமல் குக்கரைத் திறந்து, பருப்பை அடியிலிருந்து எடுத்து, சோற்றோடு மசித்து, ஒரு டீஸ்பூன் நெய் விட்டேன். கரண்டியைச் சாய்த்துக் காட்டினேன். விழவில்லை. அத்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு "கொண்டா" என்று வாங்கித் தன் மடியில் பாப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டினார். ஏழு கரண்டி. எட்டாவதைத் தட்டிவிட்டாள், நிறுத்திக்கொண்டோம். அன்று ராத்திரி அவள் எழாமல் தூங்கினாள்.

இப்போது பதினோரு மாதம். போன வாரம் எடை பார்த்தோம், 8.4 கிலோ.